அக்காவுக்கு எந்தக் கார்டு

2008 நவம்பர் 2, ஞாயிறு

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. "ஊருக்குக் காசு அனுப்ப எது மலிவு என்று அக்கா கேட்டிருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறேன். இன்று காலை துணி துவைத்துக் காயப் போட்ட பிறகு அக்காவின் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். அனுப்புவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவள் எழுதியிருப்பது இதுதான்:

"லிங்கம், வர்ற மாசத்திலேருந்து இங்க சம்பளத்தக் கையில குடுக்க மாட்டாங்களாம். மூணு சீட்டு குடுத்திருக்காங்க. ஆறாந் தேதிக்குள்ள ஏதாவது ஒண்ணுல கையெழுத்து வைக்கணும். எனக்கு இங்க அன்னாடம் பாவிக்க எது தோதுன்னு பாத்துச் சொல்லு. நீ கம்பியூட்டர் படிக்கிற புள்ள தானே."

தவமணி அக்கா டோஹாவில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். போய் இரண்டு வருடமாகிறது. சம்பளம் எண்ணூறு ரியால். அதில் எழுநூறு மடுல்கெல்லவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்ணிடம் கடிதத்தையும் மூன்று சீட்டுகளின் போட்டோ பிரதியையும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

முதலாம் சீட்டில் கையெழுத்து வைத்தால் சம்பளம் நேராக ஊருக்குப் போகும். அவள் கையில் மாதம் ஐம்பது ரியால் மட்டும் கிடைக்கும். இரண்டாம் சீட்டு, காசு மாற்றும் நிறுவனம் ஒன்றின் சம்பளக் கார்டு. மூன்றாம் சீட்டு, வங்கிக் கணக்கும் அதற்குரிய கார்டும். எதிலும் கையெழுத்து வைக்காவிட்டால் சம்பளம் அறைத் தலைவியின் கணக்கில் விழும்.

நேற்று நான் என்ன செய்தேன்? ரூலர் வைத்துக் கோடு கீறி அட்டவணை போட்டேன். அனுப்பும் கட்டணம், நாணய மாற்று வீதம், எத்தனை நாளில் வந்து சேரும், கண்டியில் எந்த வங்கியில் எடுக்கலாம், அப்பா தனியாகப் போய் எடுக்க முடியுமா. ஐந்து நிரல்கள். முதலாம் சீட்டுக்கு நாற்பத்தொரு புள்ளி. உடனே அக்காவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "சரி."

இன்றைக்குத்தான் அந்தச் "சரி" உறுத்துகிறது. அக்கா எஸ்.எம்.எஸ். அனுப்பினால் சாப்பிட்டாயா, மழையா, இருமல் போய்விட்டதா என்று மூன்று கேள்வியாவது இருக்கும்.

ஐந்து நிரல்களையும் திரும்பப் பார்த்தேன். ஐந்தும் கண்டியில் இருக்கின்றன. டோஹாவில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். என் மாலை வகுப்புக்குரிய மாதக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு அந்த எழுநூறு ரியாலிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் "அன்னாடம் பாவிக்க" என்பதை "அனுப்ப" என்று வாசித்தேனா? தெரியவில்லை. இல்லை என்று உறுதியாக எழுத முடியாமல் இருக்கிறது.

கையெழுத்து வைக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது.


நவம்பர் 3, திங்கள்

மணிக்கூட்டுக் கோபுரத்தில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி பை சோதித்தார்கள். வகுப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். எனக்கு முன் சோதனையில் நின்ற லீலாதேவி மிஸ்ஸும் தாமதம் என்பதால் இரண்டு பேருமாகச் சேர்ந்து மெதுவாகப் படி ஏறினோம்.

லீலாதேவி மிஸ் எங்களுக்குப் படிப்பிப்பவர் அல்ல. என்னோடு சேர்ந்து படிப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனை ஆஸ்பத்திரியில் எழுதுவினைஞர், அதாவது கிளார்க். சேலையும் கைப்பையுமாக ஒஃபீசிலிருந்து நேரே வந்து முன் கதிரையில் உட்காருவதால் முதல் நாள் எல்லோரும் எழுந்து "குட் ஈவினிங் மிஸ்" என்றோம். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு விரலால் மட்டும் தட்டச்சு செய்வார், பிழை விடமாட்டார். நான் பத்து விரலாலும் பிழை விடுவேன்.

இடைவேளையில் அட்டவணையைக் காட்டினேன். பிழை எங்கே என்றும் சொன்னேன். மிஸ் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"வடிவாக் கீறியிருக்கிறீர். சரி, உம்மடை அக்கா ஒரு நாளைக்கு எத்தினை தரம் காசு எடுக்கிறா?"

"தெரியாது மிஸ்."

"கடை எவ்வளவு தூரம்?"

"அதுவும் தெரியாது."

"என்ன சாப்பிடுறா?"

"சோறுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீர்! மாற்று வீதத்தைத் தசமம் நாலு தானத்துக்குப் போட்டிருக்கிறீர், அக்கா சாப்பிடுறது மட்டும் நினைப்பு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மிஸ் தன் பார்சலில் இருந்த கடலை வடை ஒன்றை என் கொப்பியின் மேல் வைத்தார். அட்டவணையில் எண்ணெய் ஊறியது.

"கோவிக்காதையும் தம்பி. என்ர அம்மா யாழ்ப்பாணத்திலை. சண்டையாலை பாதை பூட்டினாப் பிறகு அவவுக்குக் காசு அனுப்ப நானும் இப்பிடித்தான் ஆறு மாசம் ஆராய்ச்சி செய்தனான். கடைசியா அவ சொல்லுறா, பிள்ளை, காசு கிடக்கு, வாங்கிறதுக்குத்தான் கடையிலை சாமான் இல்லை எண்டு. கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பா."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க மிஸ்?"

"கேளும். ஃபோன் எடுத்துக் கேளும். உதுக்கு கம்பியூட்டர் தேவையில்லை."

வீட்டுக்கு, அதாவது கண்டியில் நான் தங்கியிருக்கும் போர்டிங்குக்கு வந்து பதினான்கு கேள்விகள் தயாரித்தேன். எட்டாவது கேள்வியும் பதினோராவதும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. பதினொன்றை வெட்டினேன். பதின்மூன்று.


நவம்பர் 4, செவ்வாய்

இன்று வகுப்பில்லை. அக்காவின் வேலை அங்கே மூன்று மணிக்கு முடியும். இங்கே அப்போது ஐந்தரை. ஆறு மணிக்குக் கொமியூனிகேஷன் கடைக்குப் போய் நெட் கோல் எடுத்தேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். பத்து நிமிடத்துக்குக் காசு கொண்டு போயிருந்தேன். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் வந்தது.

"அக்கா, நான் சொன்னது பிழை. முதலாம் சீட்டுல வைக்காத. இப்ப கேள்வி கேக்குறேன், பதில் சொல்லு. ஒண்ணு: ஒரு நாளைக்கு என்னென்ன வாங்குற?"

"என்னாடா, சென்சஸ் எடுக்குறியா?"

"சொல்லு அக்கா, நிமிஷம் ஓடுது."

"பத்து மணிக்கு ஒரு டீ, ஒரு பன். பின்னேரம் பால். சோறு இவங்க குடுப்பாங்க. சவர்க்காரம், ஃபோன் கார்டு. பொம்பளைக்கு வேற சாமானும் இருக்கும், அதெல்லாம் எழுதிக்காத."

எழுதிவிட்டு வெட்டினேன்.

"இரண்டு: இதுக்குக் காசு எங்கேருந்து எடுக்குற?"

"சந்திரிகா அக்காகிட்ட."

அதன் பிறகு கேள்வித்தாள் தேவைப்படவில்லை. போன வருடம் அறையில் காசு களவு போயிருக்கிறது. அதிலிருந்து அறையில் இருக்கும் ஆறு பேரும் கையில் வைத்திருக்கும் காசைச் சந்திரிகாவின் வங்கிக் கணக்கில் போட்டு விடுகிறார்கள். சந்திரிகா சிங்களப் பெண், அறைத் தலைவி, அவளுக்கு மட்டும்தான் கார்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் போய் எல்லோருக்கும் எடுத்து வருவாள். ஆளுக்கு ஐந்து ரியால் எடுத்துக்கொள்வாள்.

"நல்லவங்கதான்டா. ஆனா கேப்பாங்க. இருவது எதுக்கு, போன வாரமும் இருவது எடுத்தியேன்னு கேப்பாங்க. ஆறு பேருக்கு முன்னால ஒவ்வொண்ணையும் சொல்லிட்டா வாங்க ஏலும்? அதனாலயே சில வாரம் கேக்க மாட்டேன்."

"அப்ப நீயே ஒரு கார்டு எடுத்துக்கலாம்தானே? இரண்டாவது இல்லாட்டி மூணாவது சீட்டு."

"எடுத்துக்கலாம். மெஷின யாரு அமத்துறது?"

ஒருமுறை சந்திரிகாவின் கார்டை வாங்கிக்கொண்டு அக்கா தனியாகப் போயிருக்கிறாள். திரையில் இங்கிலீஷில் என்னவோ கேட்டிருக்கிறது. அக்காவுக்கு எழுத்துகள் தெரியும்; சொல் தெரியாது. பின்னால் ஏழு பேர் நின்றார்களாம். ஒருத்தன் நாக்கைத் தட்டினானாம். கார்டை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நீ முதலாஞ் சீட்டுன்னு சொன்னதும் ஒரு வகைக்கு நிம்மதியாத்தான் இருந்திச்சு. மெஷினே வேண்டியதில்ல. எல்லாம் வீட்டுக்குப் போயிரும். அம்பது ரியால் கையில வரும். பன்ன நிப்பாட்டுனா போதும்."

கடைசி வாக்கியத்தை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் வைக்காத" என்றேன். "மெஷின் என்ன கேக்கும்னு நான் எழுதி அனுப்புறேன். படத்தோட."

"நீ மெஷின் பாவிச்சிருக்கியா?"

நிமிடம் முடிந்துவிட்டது. அல்லது நான் வைத்துவிட்டேன். நான் பாவித்ததில்லை. எனக்கு இருப்பது தபாலகச் சேமிப்புப் புத்தகம்.


நவம்பர் 5, புதன்

நீளமாக எழுத வேண்டிய நாள். ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை கடையில் றிஸ்வி நானாவைப் பிடித்தேன். நானா என்றால் அண்ணன். நான் வேலை செய்யும் துணிக்கடை மஹ்ரூப் முதலாளியுடையது. நானா அவருடைய தங்கை மகன். ஆறு வருடம் டோஹாவில் இருந்துவிட்டு வந்து இப்போது குண்டசாலையிலிருந்து கடைக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அவரைவிட இதற்குப் பொருத்தமான ஆள் கண்டியில் இருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"சின்ன வேல தம்பி. கார்ட்டப் போடு. நம்பர அமத்து. பச்சய அமத்து. காசி வரும்."

"பச்சைக்கு முன்னுக்குத் திரையில என்ன கேக்கும் நானா?"

"என்னமோ கேக்கும். பச்சய அமத்து."

"அதுக்குப் பிறகு?"

"பச்ச."

துணி கிழித்துக்கொண்டிருந்த முதலாளி தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஆறு வருஷம் பச்சய மட்டும் அமத்திட்டு வந்தீக்கான். இவன்ட சம்பளம் எங்க போச்சின்டு எனக்கு இப்பத்தான் வெளங்குது."

நானா கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். நான் எழுதியிருந்தது மொத்தம் நான்கு வரி, மூன்றில் பச்சை.

ஆகவே மெஷினையே நேரில் பார்க்க வேண்டியதாயிற்று. லீலாதேவி மிஸ்ஸுக்குச் சம்பளக் கார்டு இருக்கிறது. வகுப்புக்கு முன் நாலே முக்காலுக்குக் கொழும்பு வீதிப் பக்கம் ஒரு வங்கி வாசலில் சந்தித்தோம். திட்டம் இது: மிஸ் மெஷினில் இங்கிலீஷைத் தெரிவு செய்வார். ஒவ்வொரு திரையிலும் நிறுத்துவார். நான் திரையைப் படமாக வரைந்து, சொல்லை எழுதி, கீழே தமிழ் எழுதுவேன். காசு எடுக்கும் இடத்துக்கு வந்ததும் ரத்துச் செய்து மறுபடி முதலிலிருந்து. எந்தத் திரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தேன். அக்காவுக்கு அவசரப்படத் தேவையில்லை என்று காட்டுவதற்காக.

முதல் தடவை நன்றாகப் போனது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை என் தோளில் ஒரு கை விழுந்தது.

பொலிஸ்காரர். நாற்பது வயது இருக்கும். மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மொகத மே?" இது என்ன என்று கேட்டுக்கொண்டே என் கொப்பியை வாங்கினார்.

அவர் கையில் இருந்து பார்த்தபோதுதான் அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. மேலே திகதியும் நேரமும். நடுவில் வங்கி மெஷினின் படம். அம்புக்குறிகள். பக்கத்தில் "12 விநாடி", "30 விநாடி". எல்லாம் தமிழில். அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். போர்டிங்கில் இருப்பதற்கான பொலிஸ் பதிவுக் கடதாசியைக் கேட்டார். அதையும் கொடுத்தேன், நான் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறவன். போன மாதம் எங்கள் போர்டிங்கில் இருந்த இருவரை அந்தக் கடதாசி இல்லாமல் கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எனக்குச் சிங்களம் வரும். அந்த நேரத்தில் வாயில் வந்தது "அக்காவுக்கு" என்ற தமிழ்ச் சொல் மட்டும்.

லீலாதேவி மிஸ் திரும்பினார். ஆஸ்பத்திரியில் வரிசையை மீறி வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவாரோ அப்படித் தெளிவான சிங்களத்தில் பேசினார். இந்தப் பிள்ளையின் அக்கா கட்டாரில் இருக்கிறாள், மெஷினில் காசு எடுக்கத் தெரியாது, தம்பி வரைந்து அனுப்பப் போகிறான், நான் அரசாங்க உத்தியோகத்தர், இது என் கார்டு, என் சம்பளம்.

பொலிஸ்காரர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு திரைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு நிமிடம் இருக்கும். கைக்கடிகாரம் என் கையில்தான் இருந்தது. பார்க்கத் துணிவு வரவில்லை.

"இது போதாது" என்றார் சிங்களத்தில். "கார்டை எந்தப் பக்கம் போடுவது என்று நீ வரையவே இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"என் மனைவி குவைத்தில். முதல் மூன்று மாதம் கார்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாள். மெஷின் பழுது, மெஷின் பழுது என்று எனக்குக் கடிதம் எழுதினாள்." என் பேனையை வாங்கி என் கொப்பியிலேயே ஒரு கார்டு வரைந்தார். எழுத்து மேலே, அம்பு உள்ளே. என்னைவிட நேராகக் கோடு கீறினார். "இப்போது அவள் எனக்கு அங்கிருந்து சொல்லித் தருகிறாள். நான் இன்னும் வங்கிப் புத்தகத்தோடு வரிசையில்தான்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பேச்சின் நடுவே மெஷின் இரண்டு முறை கூவியது காதில் விழுந்தது, கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கார்டைக் காணோம். நிறைய நேரம் சும்மா விட்டதால் உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஐயோ" என்றேன். "மிஸ், உங்க கார்டு! மன்னிச்சுக்கங்க மிஸ்."

"என்ர சம்பளத்தைப் பிடிச்சு உள்ளுக்கு வச்சிட்டுது" என்றார் மிஸ். "உம்மைத் தானே கொண்டு போவாங்கள் எண்டு நினைச்சன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதும் தம்பி, எழுதும். முப்பது விநாடிக்கு மேலை நிண்டால் விழுங்கும் எண்டு பெரிசா எழுதும். உது தெரியாட்டி உம்மடை அக்கா அங்கை நிண்டு அழுவா" என்றார்.

நாளைக்குக் காலை வங்கி திறந்ததும் தானே போய் எடுப்பதாகச் சொன்னார். பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். இருந்தாலும் கேட்டதற்குச் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

வகுப்புக்குப் போகவில்லை. கொமியூனிகேஷனில் உட்கார்ந்து நான்கு பக்கத்தில் சுத்தமாக வரைந்து, சீட்டின் மூலையில் இருந்த சலவைப் பகுதியின் இலக்கத்துக்கு ஃபெக்ஸ் அனுப்பினேன். மேலே "தவமணி, ஸ்ரீலங்கா, அறை 9" என்று இங்கிலீஷில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் புதிய அட்டவணை. இந்த முறை எல்லா நிரலும் டோஹாவில். மூன்றாம் சீட்டு, வங்கிக் கார்டு, இரண்டு புள்ளி முன்னால் நின்றது. ஊர் முழுக்க அந்த வங்கிக்கு மெஷின் இருக்கிறது. சம்பளக் கார்டுக்கு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரே ஒரு மெஷின்; கடையில் ஒவ்வொரு தடவை தேய்க்கவும் அரை ரியால் வெட்டுகிறார்கள். கீழே எழுதினேன்: "மூன்று நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் நான் ஏற்கெனவே ஒரு தடவை பிழை விட்டவன். நீயே பார்த்து முடிவு செய்."

அந்த வரியை எழுதுவதா விடுவதா என்று நிறைய நேரம் யோசித்தேன். தைரியம் கொடுக்க வேண்டிய இடத்தில் சந்தேகத்தைக் கொடுக்கிறேனோ என்று இருந்தது. விட்டுவிட்டேன், அதாவது அழிக்காமல் விட்டேன்.


நவம்பர் 6, வியாழன்

பகல் முழுக்கக் கடையில் அளவு தவறாகக் கிழித்தேன். மூன்று யார் துணி கேட்டவருக்கு மூன்றரை. முதலாளி, "அரை யார் ஒன்ட அக்காக்கு ஹதியாவா?" என்று கேட்டார். அன்பளிப்பா என்று அர்த்தம். சம்பளத்தில் வெட்டவில்லை.

மாலை ஆறு பத்துக்கு அக்காவே அழைத்தாள். எப்போதும் ஒரு தடவை அடித்துவிட்டு வைப்பாள். நான் திருப்பி எடுக்க வேண்டும். இன்று வைக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துதான் எடுத்தேன்.

"டேய் லிங்கம், பேசு. என் காசு. நானே எடுத்த காசுல வாங்குன ஃபோன் கார்டு."

நடந்தது இது. ஃபெக்ஸ் சலவைப் பகுதி ஒஃபீசில் வெளியே வந்தபோது சுப்பர்வைசர் அதை ஆஸ்பத்திரி மெஷினின் விளக்கப் படம் என்று நினைத்து அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார். காலை டீ நேரத்தில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அக்கா போய், அது என் தம்பி போட்டது என்று கழற்றி வாங்கியிருக்கிறாள். அதற்குள் நான் போட்ட மெஷின் அலுமாரி மாதிரி இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்களாம்.

"சந்திரிகா அக்கா கோவிச்சாங்களா?" என்று கேட்டேன். அந்த ஐந்து ரியால் என் மனதில் இருந்தது.

"அவங்கதான் என்னைய கூட்டிட்டுப் போனாங்க! பகல் இடைவேளையில அவங்க கார்டக் கையில குடுத்து, நான் பின்னுக்கு நிக்கிறேன், வேற ஒருத்தரையும் கிட்ட விடமாட்டேன், நீ அமத்துன்னாங்க. உன் கடதாசிய மெஷினுக்கு மேல வச்சேன். ஒவ்வொண்ணா வந்திச்சிடா. நீ போட்ட மாதிரியே. ரிசீட் வேணுமான்னு கேட்டுச்சு, அது மட்டும் உன் படத்துல முன்னுக்குப் பின்ன. பரவாயில்ல. இருவது ரியால். ஒருத்தரும் எதுக்குன்னு கேக்கல."

"அஞ்சு ரியால் போகுதேன்னு அவங்களுக்குக் கவலை இல்லையா?"

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஆறு பேருக்கு வெயில்ல நின்னு கால் வலிக்குதுன்னாங்க. அஞ்சு ரியாலுக்கு எண்ணெய் வாங்கித் தேய்க்கத்தான் சரியாம்."

"சரி, கையெழுத்து?"

"வச்சாச்சு."

"மூணாவது?"

"ரெண்டாவது."

எனக்குச் சுருக்கென்றது. அட்டவணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மெஷின் என்றேன், தேய்க்கத் தேய்க்க அரை ரியால் என்றேன், மாதம் முப்பது தடவை என்றால் பதினைந்து ரியால் என்றேன்.

"அந்த ஒரு மெஷின் எங்க இருக்கு தெரியுமா? சலவைக்கு எறங்குற படிக்குப் பக்கத்துல. நீ சொல்ற வங்கி மெஷினுக்குப் போறதுன்னா பஸ்ஸுக்குப் போக மூணு, வர மூணு. அதோட அது, சந்திரிகா அக்கா பேங்க் மாதிரி இல்ல, அம்பதுக்குக் கொறஞ்சு தராது. எனக்கு டீயும் பன்னும் ரெண்டு ரியால்டா. கீழ கடையில இந்தக் கார்ட நீட்டினா ரெண்டே ரெண்டு ரியாலும் அந்த அரையும்தான் வெட்டுவான். அதையும் நான் தினம் தேய்க்கப் போறதில்ல, கெழமைக்கு ஒரு தடவ இருவது எடுத்து வச்சுக்குவேன். நீ ஊரெல்லாம் மெஷின் இருக்குன்னு புள்ளி போட்டிருக்க. நான் ஊரெல்லாம் எப்ப போனேன்?"

அட்டவணையில் "மெஷின்களின் எண்ணிக்கை" என்ற நிரலில் மூன்றாம் சீட்டுக்கு எட்டுப் புள்ளி கூடுதலாகக் கொடுத்திருந்தேன். அதைப் பென்சிலால் வெட்டிவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். இரண்டாம் சீட்டு ஆறு புள்ளி முன்னால். அக்காவிடம் சொன்னேன்.

"இப்ப உன் அட்டவணையும் ஒத்துக்கிச்சா? நல்லது. அதுக்கும் ஒரு டீ வாங்கிக் குடு."

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். முதலில் லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"லிங்கம், இனி மாசம் அறநூறு அனுப்புவேன். மத்தது என் கார்டுல இருக்கட்டும். எனக்கும் ஒரு கண்ணாடி போடணும், இங்க தையல் கிளாஸ் ஒண்ணு வெள்ளிக்கெழமைல நடக்குது, அதுக்கும் போகணும். உன் கிளாஸ் காசு…"

"அத நான் பாத்துக்குறேன். முதலாளிகிட்ட ஞாயித்துக்கெழமையும் வாறேன்னு சொல்றேன். சேர்த்துத் தருவாரு."

"நிஜமாவா?"

"கணக்குப் போட்டுட்டேன் அக்கா." போடவில்லை. பேசி முடித்த பிறகு போட்டேன். மாதம் நூற்றிருபது ரூபாய் குறைகிறது. பஸ்ஸை விட்டுக் கிழமைக்கு இரண்டு நாள் நடந்தால் சரியாகும்.

"நல்ல புள்ள. அப்ப அப்பாகிட்டயும் நீயே சொல்லிரு. எனக்குப் பயமாயிருக்கு. மெஷின விட."

வகுப்புக்கு நாளைக்குத்தான் நாள்; நாளை ஊருக்குப் போவதால் என்னால் வர முடியாது. அதனால் லீலாதேவி மிஸ்ஸுக்கு ஃபோன் செய்து சொன்னேன். காலையில் வங்கியில் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். "அவ கேட்டதைத் தானே எடுத்திருக்கிறா. பிறகு உமக்கு என்ன கவலை?" என்றார். அக்காவின் அறையில் இருக்கும் மற்ற மூன்று சிங்களப் பெண்களுக்கும் என் படத்தைச் சிங்களத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். "ரிசீட்டைச் சரியான இடத்திலை போட்டுக் கொண்டு வாரும், எழுதித் தாறன்" என்றார்.

கவலை அப்பாவைப் பற்றியது. வீட்டுக் கூரைக்கு ஷீட் மாற்ற அவர் போட்டிருக்கும் கணக்கு எழுநூறில் நிற்கிறது. அறுநூறு என்றால் கூரை தைப் பொங்கலுக்கு முடியாது; சித்திரைக்குப் போகும். முதலில் கூரையைச் சொல்வதா, அக்காவின் கண்ணாடியைச் சொல்வதா என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அக்கா மெஷினில் காசு எடுத்ததை முதலில் சொன்னால் அவர் சிரிப்பார் என்று நினைக்கிறேன். இதுவும் நினைப்புத்தான்.

நாளை வெள்ளி. ஜும்ஆத் தொழுகைக்குக் கடை மூடியதும் முதலாளியிடம் மத்தியானத்துக்கு லீவு கேட்டு, இரண்டு மணி பஸ்ஸில் மடுல்கெல்லவுக்குப் போய், இனி மாதம் அறுநூறுதான் வரும் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும்.